பில்லுல கிராபிக்ஸ் சிப்போட முழுப் பேரை எழுதிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

காலேஜ் அட்மிஷன் முடிஞ்ச கையோட கம்ப்யூட்டர் கடைங்கள்ல கூட்டம் அள்ளுது, நோட்டீஸ்ல "ஐ5, 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்"னு பெருசா போடுறாங்க, ஆனா அந்த 4 ஜிபி எங்கிருந்து வருதுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. நான் ஈரோட்டுல சிஸ்டம் சர்வீஸ் பாக்குறவன். உங்க பேப்பர்ல இது வந்தா வாங்கப் போறவங்க நாலு பேருக்காவது உபயோகமா இருக்கும்னு எழுதுறேன்.

சமீபத்துல ஒருத்தர், ஆர்க்கிடெக்சர் படிக்கிற தன் பொண்ணோட சிபியூவ தூக்கிட்டு வந்தாரு, கட்டட மாடலை ரெண்டர் பண்ற, அதாவது நெஜப் படம் மாதிரி மாத்துற லூமியன் சாப்ட்வேர் போட்டாலே திணறுதுங்க, கடையில கேட்டா ரேம் பத்தல இன்னொண்ணு போடுங்கன்னு சொல்றாங்கன்னாரு. பில்லுல "கிராபிக்ஸ் 4 ஜிபி"ன்னு தெளிவா இருக்கு. சிபியூவ திருப்பி பின்பக்கம் பாத்ததுமே விஷயம் தெரிஞ்சுபோச்சு, மானிட்டர் ஒயர் செருகுற எடம் மேல யுஎஸ்பி போர்ட்டுங்களோட தான் இருக்கு, கீழ தனி கார்டு வரவேண்டிய எடத்துல தகர மூடி எதையும் கழட்டவே இல்ல. ஆன் பண்ணி கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல பெர்பாமன்ஸ் பக்கம் போனா ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்பு) 0ன்னு ஒண்ணே ஒண்ணு, இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ் 730, அதுக்கு கீழ ஷேர்டு ஜிபியூ மெமரி 3.9 ஜிபி. அவ்ளோதான் அந்த 4 ஜிபி. இருக்குற 8 ஜிபி ரேம்ல பாதி வரைக்கும் கிராபிக்ஸ் எடுத்துக்கலாம்னு விண்டோஸ் போட்டு வெச்சிருக்குற கணக்கு, அதை தனி கார்டு மாதிரி பில்லு போட்டு வித்திருக்காங்க. லூமியனுக்கு தனி கார்டு வேணும்னு அதைப் பண்ற கம்பெனியே சொல்லுது, ரேம் எவ்வளவு போட்டாலும் அந்தக் குறை தீராது.

ஆன்போர்டு, அதாவது தனி கார்டு இல்லாம கம்ப்யூட்டரோடவே வர்ற கிராபிக்ஸ், மட்டம்னு நான் சொல்ல வரல. டாலி, ஆன்லைன் கிளாஸ், படம் பாக்குறது, போட்டோஷாப்புல சாதாரண வேலைன்னா அதுவே தாராளம், தனி கார்டுக்கு காசு போடவே வேணாம். முன்னாடி அது மதர்போர்டு சிப்புல இருந்துச்சு, 2010, 2011 வாக்குல இருந்து ப்ராசசருக்குள்ளயே வந்துருச்சு, அதனால தான் மதர்போர்டைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. ப்ராசசர் பேரைப் பாக்கணும், ஐ5-12400ன்னா உள்ளயே கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப்னா கிடையாது, தனி கார்டு போடாம திரையில ஒண்ணுமே வராது.

பேருலயும் ஏமாந்துடக்கூடாது. ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ், ரேடியான் ஆர்எக்ஸ்னு நம்பரோட வந்தா பெரும்பாலும் தனி சிப்பு. வெறும் "ரேடியான் கிராபிக்ஸ்"னு இருந்தா ப்ராசசரோட வர்றது. இன்டெல் ஆர்க் தான் ரொம்ப குழப்பம், அதுல தனி கார்டும் இருக்கு, அல்ட்ரா ப்ராசசர் போட்ட லேப்டாப்புல உள்ளேயே வர்றதுக்கும் ஆர்க்னே பேரு, அதனால ஏ380 மாதிரி முழு மாடல் நம்பரைக் கேட்டு, அது தனி கார்டு தானான்னு பாத்துக்கணும். டெடிகேட்டட் மெமரி, அதாவது கிராபிக்ஸோட சொந்த மெமரின்னு டாஸ்க் மேனேஜர் காட்டுறதை மட்டும் நம்பவும் முடியாது, ஏஎம்டி ப்ராசசருக்கு ரேம்லருந்து 512 எம்பியோ 2 ஜிபியோ பயாஸே (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மொதல்ல ஓடுற புரோகிராம்) பிரிச்சுக் குடுத்துரும், அதையும் டெடிகேட்டட்னு தான் காட்டும். அப்ப மெமரி பக்கம் போய் ஹார்டுவேர் ரிசர்வ்டுங்கிற கணக்கைப் பாருங்க, அதே அளவு அங்க குறைஞ்சிருக்கும். லேப்டாப்புல ஜிபியூ 0, ஜிபியூ 1னு ரெண்டு வந்தா பெரும்பாலும் ஒண்ணு ஆன்போர்டு, இன்னொண்ணு தனி.

நெஜமாவே தனி கார்டு போட்டுக் குடுத்தாலும் ஜிடி 710 மாதிரி பழைய கார்டைப் போட்டு காசு வாங்குறாங்க, இப்ப வர்ற ப்ராசசர்ல உள்ளேயே இருக்குறது அதைவிட நல்லா ஓடும்.

எனக்கு வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. கடைக்காரங்க நோட்டீஸ்லயும் பில்லுலயும் கிராபிக்ஸ் சிப்போட முழுப் பேரு, தனி கார்டா ப்ராசசரோட வர்றதா, மெமரி அதோட சொந்த மெமரியா ரேம்ல இருந்து எடுக்குறதா, இந்த மூணையும் எழுதணும். வியாபாரிகள் சங்கங்கள் முடிவு பண்ணா நாளைக்கே செய்யலாம், ஒரு வரி கூட டைப் பண்ணப் போறாங்க, அவ்வளவு தான். பெத்தவங்க நகையை அடகு வெச்சு வாங்கிக் குடுக்குறாங்க, அந்த பொண்ணு மாடலை ரெண்டர் பண்ண முடியாம பிரெண்டு வீட்டுக்கு ஓடிட்டு இருக்கு, மனசு கேக்கல.

இல்லாத கார்டை இருக்குறதா பில்லு போடுறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி முறையற்ற வணிகம். ஏற்கனவே வாங்கி ஏமாந்தவங்க பில்லையும் டாஸ்க் மேனேஜர் பக்கத்தை எடுத்த போட்டோவையும் பத்திரமா வெச்சுக்கிட்டு மொதல்ல கடையில எழுத்துல கேளுங்க, சரிவரலேன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க, அதுலயும் தீரலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு.

இப்படிக்கு,
சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் வாசகர்,
ஈரோடு