பாட்டியின் பத்துக் காசு

பட்டர்வொர்த்,
பினாங்கு.

பாப்பா,

நலம்தானே? போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னது இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. "அடுத்த பிள்ளைக்காவது மலேசியக் குடியுரிமை கிடைக்குமே, அது போதும்மா" என்றாய். போனில் வாதாடினால் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணன் பெர்த்தில் பெற்ற பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்தான். மலேசியக் குடியுரிமை வந்தது. கோயம்புத்தூரில் நீ பெற்றவனுக்கு வரவில்லை. நீங்கள் இருவரும் என் வயிற்றில் பிறந்தவர்கள்தான். அரசியலமைப்பில் 'தந்தை' என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளி விடுமுறைக்கு உன் மகன் வந்திருந்தபோது காய்ச்சல் கண்டதே, நினைவிருக்கிறதா? அன்று உன்னிடம் முழுதும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கென்றால் ஒரு ரிங்கிட். அவனுக்கு வெளிநாட்டவர் கட்டணம். கவுண்டரில் இருந்த பெண் பாவம், என் முகத்தைப் பார்க்காமலேயே ரசீதைக் கொடுத்தாள். ஓய்வூதியத்தில் கட்டிவிட்டேன், பணம் பெரிதில்லை. தோளில் தூங்கிக்கொண்டிருந்த என் பேரன் இந்த ஊருக்கு அந்நியன் என்று ஒரு தாளில் படித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். 1920களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு அரசாங்கமே நாள்கூலி நிர்ணயித்தது: ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. விடியற்காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, இருவரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். "மரத்துக்குத் தெரியுமாடி, வெட்டுகிறவள் பொம்பளை என்று?" என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பத்துக் காசைத் மேற்பார்க்கும் தண்டலிடமும் கணக்கெழுதும் கிராணியிடமும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் எங்களிடம்தான் கேட்டார்.

கேட்டவர்களும் இருந்தார்கள். பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே தொழிற்சங்கம் அமைத்துச் சம ஊதியத்துக்காகப் போராடினார். நான் 1979இல் வேலைக்குப் போனபோது, பக்கத்து வகுப்பு வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே சம்பள அட்டவணை. அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அன்று நான் விசாரிக்கக்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது உன் விஷயம். 2020 டிசம்பரில் ஆறு தாய்மார்களும் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நான் பாயசம் வைத்தேன். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அதைத் தள்ளிவிட்டது. பிறகு 2024 அக்டோபரில் மக்களவையில் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. தாயின் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்றாகிவிட்டது. ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான். அந்தத் தாய்மார்கள் எந்தப் பிள்ளைகளுக்காக நீதிமன்றப் படி ஏறினார்களோ, அந்தப் பிள்ளைகளைத் திருத்தம் வெளியே நிறுத்திவிட்டது. உன் மகனும் அங்கேதான் நிற்கிறான்.

நாளைக்கு ஒரு தங்கை பிறந்து, அவள் குடிமகளாக விமான நிலையத்தில் ஒரு வரிசையிலும், இவன் தங்கும் பாஸின் காலாவதித் தேதியை எண்ணிக்கொண்டு இன்னொரு வரிசையிலும் நின்றால், அப்போதும் 'போதும்' என்பாயா? உன் மாமியார் "எங்கள் நாட்டுப் பிள்ளையாகவே இருக்கட்டுமே" என்கிறாராம். இருக்கட்டும், நல்ல நாடுதான். அவன் பெரியவனாகித் தானே தேர்ந்துகொள்ளட்டும். தேர்ந்துகொள்ள இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டாமா?

முன்பே பிறந்த பிள்ளைகளுக்காகத் தனியே விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டு இழுக்குமோ, உன்னைப் போலவே எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. உன் திருமணச் சான்றிதழ், அவன் பிறப்புச் சான்றிதழ் இரண்டின் நகலையும் உறுதிப்படுத்தி அனுப்பு. விண்ணப்பப் பாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தில் முடிந்ததையெல்லாம் நிரப்பிவிட்டேன். நீ கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன், மூன்றாம் பக்கத்தில் இரண்டு இடம். அதை விட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா