வீடியோ பாடம் எடுக்கக் காசு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினித் திரையைப் பதிவு செய்து பாட வீடியோ எடுக்க எந்த மென்பொருள் நல்லது என்று போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். சொல்லியிருந்தவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குபவை. நான் கணினி வகுப்பு நடத்துகிறவள், தமிழ்99 தட்டச்சைச் சொல்லிக்கொடுக்க மூன்று நான்கு நிமிட வீடியோக்கள் எடுத்து மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

நானும் முதலில் ஏமாந்தவள்தான். இலவசம் என்று ஒன்றை இறக்கி, ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டிச் சேமித்துப் பார்த்தால் திரைக்கு நடுவே அவர்கள் பெயர். அதை எடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம்!

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு அதோடு வரும் ஸ்னிப்பிங் டூல் என்ற திரைப்படம் பிடிக்கும் செயலியிலேயே திரைப்பதிவு இருக்கிறது. விண்டோஸ் 10 என்றால் விண்டோஸ் விசையோடு ஆல்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அதோடு வரும் கேம் பார் என்ற கருவி பதிவு செய்யும், ஆனால் திறந்திருக்கும் ஒரு செயலியை மட்டும்தான், டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் எடுக்காது. ஃபான்ட் நிறுவுவதைக் காட்டப் போய் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அப்புறம்தான் ஓபிஎஸ் ஸ்டுடியோவுக்கு வந்தேன். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள், லினக்ஸிலும் ஓடும், முத்திரையும் கிடையாது நேரக் கட்டுப்பாடும் கிடையாது. முதல் நாள் பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும், இரண்டே நாளில் பழகிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாதாரண எம்பி4 ஆகப் பதிவு செய்யும்போது பாதியில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம், கோப்பு வகையை எம்கேவி என்று வைத்தால் அதுவரை எடுத்தது தப்பிக்கும், பிறகு ஓபிஎஸ்ஸிலேயே உள்ள ரீமக்ஸ் என்ற கோப்பு வகை மாற்றும் வசதி வழியாக எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். எங்கள் ஊர் மின்சாரத்தை நம்பி ஒரு பாடத்தை இரண்டு தடவை எடுத்தவள் சொல்கிறேன். முழுத் திரையைப் பிடிக்காமல் வேண்டிய சன்னலை மட்டும் பிடியுங்கள், இல்லையென்றால் மைத்துனர் அனுப்பும் காலை வணக்கமும் பாடத்தில் வந்துவிடும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று எழுத்தளவு. பிள்ளைகள் பார்ப்பது போனில், நாமோ பெரிய திரையில் எடுக்கிறோம், அவர்களுக்கு எல்லாம் எறும்பாகத் தெரியும். பதிவுக்கு முன் 150 சதவீதமாவது பெரிதாக்கிக்கொள்ளுங்கள். போன் செயலியைக் காட்டுவதானால் கணினியே வேண்டாம், ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே பதிவு வசதி இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர்