குட்டி வருவதற்குள் பட்டியைச் சரிசெய்

மாப்ளே,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நேரில் திட்டிக்கொள். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? பூண்டு வந்து சேர்ந்தது என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு.

ஆட்டுக்காவலுக்கு என்று கிரேட் பைரனீஸ் ஜாதி நாய்க்குட்டிக்கு நீ முன்பணம் கொடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வாங்காதே என்று சொல்ல வரவில்லை. உங்கள் கவுஞ்சி மலைக் குளிரை அதன் ரோமம் தாங்கும், ஆடு காக்கும் குணம் பிறவியிலேயே உண்டு. வந்த முதல் ராத்திரி அது எங்கே படுக்கும், அதைச் சொல். உன் பிள்ளைகளை எனக்குத் தெரியும், கம்பளிக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

8 வாரத்திலிருந்து 16 வாரம் வரை யாரோடு புழங்குகிறதோ அவர்களைத்தான் அது தன் கூட்டமாக நினைக்கும். அதனால் இருப்பு பட்டியில்தான். ஒரு மூலையில் தடுப்பு கட்டி, நாய்க்குட்டி மட்டும் நுழைகிற சந்து விடு. ஆடு முட்ட வந்தால் ஓடி ஒளிய அதற்கு இடம் வேண்டும். புதிதாக ஈன்ற ஆட்டின் அருகே விடாதே, ஒரே முட்டில் பயந்துபோய் பிறகு ஆட்டையே அண்டாது. பிள்ளைகள் கொஞ்சட்டும், பட்டிக்குள் போய்க் கொஞ்சட்டும். கயிற்றில் நடக்க, வாயைத் திறந்து மாத்திரை வாங்க, காலைக் கொடுக்க இப்போதே பழக்கு. 50 கிலோ ஆனபின் உன்னால் முடியாது. இந்த ஜாதிக்குப் பின்னங்காலில் இரட்டை ஒட்டுவிரல் இருக்கும். அந்த நகம் தரையில் உரசாது, தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கிவிடும்.

ஏழெட்டு மாதத்தில்தான் உண்மையான தலைவலி. உடம்பு நாய், புத்தி குட்டி. விளையாட்டாகவே ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கவ்வும். ஆள் இல்லாதபோது குட்டிகளோடு விடாதே. பெரிய கிடாக்களோடு விடு, அவை முட்டியே அடக்கிவிடும். 2 வயது வரை முழுசாக நம்பாதே. ‘ஆறு மாசத்தில் காவலுக்கு விடு’ என்று சித்தப்பா சொல்வார். மற்றதில் எல்லாம் அவர் சொல்தான், இதில் மட்டும் வேண்டாம்.

என்னைத் தூங்கவிடாதது சிறுத்தை, மாப்ளே. ஐரோப்பாவில் பைரனீஸ் மலையில் இந்த நாய் ஓநாயையும் கரடியையும் விரட்டியது. நம் மலையில் சிறுத்தை நாயையே தின்ன வரும். இமாச்சல் மேய்ப்பர்கள் நாய்க்கு இரும்பு முள்பட்டை கட்டுவது அதற்குத்தான், சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும். ஒற்றை நாயை வெளியே கட்டிவைத்தால் நீயே இரை வைத்த மாதிரி. ராத்திரி ஆடும் நாயும் கூரை போட்ட, கம்பிவலை அடித்த பட்டிக்குள் இருக்கட்டும். குரைத்து உன்னை எழுப்புவதுதான் அதன் வேலை, சண்டை போடுவதல்ல. ராத்திரி முழுக்கக் குரைக்கும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவை. பகலிலும் சோலைப்பக்கம் அலையவிடாதே: காட்டுமாடு குத்தும், நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்கிற கொள்ளைநோய் செந்நாய்க்கும் தொற்றும். 16 வாரம் வரை அந்தத் தடுப்பூசித் தொடரை விடாமல் போடு, வெறிநாய்த் தடுப்பூசி 3-ம் மாதம்.

சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றாதே. பெரிய ஜாதிக் குட்டியின் உடம்புக்கு மிஞ்சியதைத் தள்ளிவிடத் தெரியாது, எலும்பு கோணும். வளர்ந்தபின் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடு, தின்றதும் ஓடவிடாதே. வயிறு விண்ணென்று உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். கைவைத்தியம் பார்க்காதே, அறுவைசிகிச்சைக்கு உடனே வண்டியைக் கிளப்பு.

ஆடு அறுத்தால் தலையைப் பச்சையாகப் போடவே கூடாது. ஆட்டு மூளையிலிருக்கும் நீர்க்கட்டி நாய் வயிற்றில் நாடாப்புழுவாகும், அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும், தின்ற ஆடு தலை சாய்ந்து சுற்றிச் சுற்றி வரும். வேகவைத்துப் போடு. புழு மருந்து வாங்கும்போது நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் சேர்ந்ததா என்று பார்.

ரோமத்தை மழிக்காதே. ஐப்பசி மழையில் உள்ரோமம் ஈரத்தோடு சிக்குப்பிடித்தால் தோல் புண்ணாகும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் அடிவரை சீவு, உண்ணி ஒளிவதும் அங்கேதான்.

பட்டிக்குக் கூரை போட்டதும் கூப்பிடு. தாய்நாய் ஆட்டோடு வளர்ந்ததா, அதற்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லையென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்