கேக்குக்குள் வந்த சாவி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பிரிட்டிஷாரை எதிர்த்து ஒன்றாக நின்ற அயர்லாந்துக்காரர்கள், 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏழு மாதம்கூட ஆகாமல் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டது எப்படி என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒப்பந்தப்படி சபை உறுப்பினர்கள் எடுக்கவேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் பிரிட்டிஷ் மன்னர் பெயர் வந்ததுதான் காரணம் என்பார்கள். அது பாதிதான். அந்த இயக்கம் விதிகளை நம்பி ஓடவில்லை, ஆட்களின் சிநேகத்தை நம்பி ஓடியது. கோளாறு அங்கேதான்.

இயக்கத் தலைவர் டி வலேரா இங்கிலாந்தின் லிங்கன் சிறையிலிருந்து தப்பிய விஷயத்தையே எடுத்துக்கொள். பாதிரியாரின் சாவியை டி வலேரா மெழுகில் பதித்தார். மெழுகு, சிறைக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளிலிருந்து வந்தது. சாவியின் வடிவம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வேடிக்கைப் படமாக வெளியே போனது. கேக்குக்குள் வைத்து வந்த சாவிகள் பூட்டுக்குச் சேரவில்லை. பிறகு பல் வெட்டாத சாவியும் அரமும் கேக்கிலேயே வர, உள்ளே இருந்த கைதி ஒருவர் ராவி முடித்தார். 1919 பிப்ரவரி 3 இரவு வெளிக்கதவில், மீட்க வந்த சக தலைவர் மைக்கேல் காலின்ஸ் தன் சாவியைத் திருப்ப, அது பூட்டுக்குள்ளேயே முறிந்தது. டி வலேரா உள்ளிருந்து தன் சாவியால் துண்டைத் தள்ளிவிட்டுத் திறந்தார். காலின்ஸின் பக்கத்தில் நின்றவர் அவர் நண்பர் ஹாரி போலண்ட். இப்படிப்பட்ட வேலையை ஆளை நம்பித்தான் செய்ய முடியும், ஆணை போட்டு வாங்க முடியாது. ஆனால் அந்த நம்பிக்கையை வைத்தே அரசாங்கமும் நடத்தலாம் என்று எண்ணினார்கள் பார், அதுதான் வினை.

1922 ஜனவரி 7 அன்று அயர்லாந்தின் நாடாளுமன்ற சபை 64க்கு 57 என்று ஒப்பந்தத்தை ஏற்றது. காலின்ஸ் ஆதரித்தார், டி வலேரா எதிர்த்தார். பிளவை ஒட்டவைக்க மே 20 அன்று காலின்ஸும் டி வலேராவும் ஓர் உடன்பாடு செய்தார்கள். இரு தரப்பும் அப்போதைய பலத்துக்கேற்ப ஒரே பட்டியலில் வேட்பாளர்களை நிறுத்தும். பிறகு கூட்டு அமைச்சரவையில் ஐந்து இடம் பெரும்பான்மைக்கு, நான்கு சிறுபான்மைக்கு. தோழர்களுக்குள் பாகப்பிரிவினை மாதிரி. வாக்காளருக்கு இதில் வேலையே இல்லை. ஒப்பந்தத்தோடு மோதாத அரசியல் சட்டம்தான் வேண்டும் என்று லண்டன் பிடிவாதமாக நின்றது. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு கார்க் நகரில் காலின்ஸ், உங்களுக்குச் சரியென்று படுபவருக்கே ஓட்டுப் போடுங்கள் என்று பேசிவிட்டார். அரசியல் சட்ட வரைவு வெளியானதோ ஜூன் 16, வாக்குப்பதிவு நாள் காலையில். முடிவு: ஒப்பந்தத் தரப்பு 58, எதிர்த்தரப்பு 36, மற்றவர்கள் 34. ஜூன் 28 அன்று, பிரிட்டிஷாரிடம் வாங்கிய பீரங்கிகளால் காலின்ஸின் படை, எதிர்த்தரப்பு பிடித்துவைத்திருந்த டப்ளின் நீதிமன்றக் கட்டடத்தைச் சுடத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் பழைய தோழர்கள்.

ஜூலை 28 அன்று காலின்ஸ், எதிர்த்தரப்பில் இருந்த போலண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். உன்னைக் கைதுசெய்து அழிக்க என்னால் முடியும், ஆனால் செய்ய மனம் வரவில்லை என்பது அதன் சாரம். மூன்றே நாளில் ஸ்கெரிஸ் ஊர் ஓட்டலில், கைதுசெய்ய வந்த அரசுப் படையின் குண்டு போலண்ட் மீது பாய்ந்தது; பிழைக்கவில்லை. காலின்ஸுக்கு மனம் வராத வேலையை, கதவைத் தட்டப்போன சிப்பாய்கள் முடித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 22 அன்று காலின்ஸும் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற பதுங்கித் தாக்குதலில் எதிர்த்தரப்பில் இருந்தவர் டாம் ஹேல்ஸ். அவர் அண்ணன் ஷான் ஹேல்ஸ் ஒப்பந்தத் தரப்பு சபை உறுப்பினர். டிசம்பர் 7 அன்று டப்ளின் தெருவில் அவரை எதிர்த்தரப்பு சுட்டுக் கொன்றது. மறுநாள் காலையே அரசு பழிக்கு நான்கு கைதிகளைச் சுட்டது. ஜூன் கடைசியிலிருந்து சிறையில் இருந்தவர்கள் அவர்கள். ராணுவ நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வந்ததே அவர்கள் சிறைப்பட்ட பிறகுதான். விசாரணையும் கிடையாது. நால்வரில் பாரெட், கொலையுண்ட ஷானோடு அதே மேற்குக் கார்க் படைப்பிரிவில் இருந்தவர். இன்னொருவர் ரோரி ஓகானர். 1921 அக்டோபரில் கெவின் ஓஹிகின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர். தண்டனைக்குச் சம்மதித்த அமைச்சர்களில் அதே ஓஹிகின்ஸும் ஒருவர், வெகுநேரம் தயங்கிய பிறகு.

இதில் என்னை உறுத்துவது வேறு. அதற்குப் பிறகு அந்தப் போரில் வேறு சபை உறுப்பினர் யாரும் கொல்லப்படவில்லை. பலித்துவிட்டதே என்று அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. பலிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஓஹிகின்ஸின் இடத்தில் நீ இருந்திருந்தால் ராஜினாமா செய்திருப்பாயா? மழுப்பாமல் எழுது.

அன்புடன்,
ராகவன்