ரீஸ்டார்ட் செய்தும் மாறாத வி.பி.என்.

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைய உதவும் வி.பி.என். சர்வரைச் சொந்தமாக அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள். ஆனால், செட்டிங்கை மாற்றிச் சேமித்து, சர்வீஸை (சர்வரில் பின்னணியில் ஓடும் புரோகிராமை) ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது என்று சொன்ன இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. நான் சர்வர் பராமரிப்பு பார்ப்பவன். எனக்குப் போன் வருவதே அதற்கு அப்புறம்தான்: "எல்லாம் மாத்திட்டேன் சார், ஒண்ணுமே மாறல!"

அண்மையில் அப்படி அழைத்தவர் ஓர் அலுவலகத்து இளைஞர். பயணம் போகும் ஊழியர்களுக்கு விடுதி வைஃபையில் வி.பி.என். கிடைக்கவில்லையாம். இணையத்தில் தகவல் போகும் முறைகளில் யு.டி.பி. ஒன்று, டி.சி.பி. இன்னொன்று; சில இடங்களில் யு.டி.பி.யைத் தடுத்து வைத்திருப்பார்கள். அதனால் அவர் வைத்திருந்த ஓபன்விபிஎன் என்ற வி.பி.என். மென்பொருளின் வழக்கமான யு.டி.பி. 1194 போர்ட்டை (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்) விட்டு, பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் டி.சி.பி. 443-க்கு மாற முடிவு செய்திருக்கிறார். நல்ல யோசனைதான். செட்டிங் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தி ரீஸ்டார்ட் கொடுத்தார்; பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. ஸ்டேட்டஸ் பச்சை எழுத்தில் 'ஆக்டிவ்' என்றது. சர்வரோ அசையாமல் 1194-லேயே இருந்தது.

அந்தப் பச்சை எழுத்துக்குப் பக்கத்திலேயே 'எக்சிட்டட்', அதாவது ஓடி முடிந்துவிட்டது, என்றும் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் வெறும் 'ஓபன்விபிஎன்' என்ற பெயரில் இருக்கும் சர்வீஸ் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. எதையும் செய்யாத ஒரு கட்டளையை ஓட்டிவிட்டு முடிந்துவிடும். வேலை செய்வது, பெயரில் 'அட்' குறி (@) உள்ள சர்வீஸ். அதிலும் இரண்டு வகை. 'ஓபன்விபிஎன்' என்று தொடங்கி 'அட்' குறி வருவது, செட்டிங் ஃபைல்கள் இருக்கும் எட்சி (/etc) டைரக்டரியின் ஓபன்விபிஎன் ஃபோல்டரில் நேராக இருக்கும் ஃபைலைப் படிக்கும். 'ஓபன்விபிஎன்-சர்வர்' என்று தொடங்குவது, அதற்கும் உள்ளே 'சர்வர்' என்ற ஃபோல்டரில் தேடும். இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் கேட்கவே வேண்டாம். தம்பி திருத்தியது வெளியில் இருந்ததை; ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் படித்ததோ உள்ளே இருந்ததை. அவர் கொடுத்த ரீஸ்டார்ட் அந்தச் சர்வீஸைத் தொடவே இல்லை.

வயர்கார்டு என்ற இன்னொரு வி.பி.என். மென்பொருளில் கதை வேறு. ஃபைலில் 'சேவ்கான்ஃபிக்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்திருந்தால், இணைப்பை நிறுத்தும்போது அப்போது ஓடிய அமைப்பை அது அப்படியே ஃபைலின் மேல் எழுதிவிடும். ரீஸ்டார்ட் என்றாலே முதலில் நிறுத்துவதுதானே! நாம் சேர்த்த வரிகள் போயே போச்சு. அங்கே முதலில் நிறுத்தி, அப்புறம் திருத்தி, பிறகு தொடங்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி எழுதும்போது, ரீஸ்டார்ட்டுக்கு முன்பும் பின்பும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முன்பு, சர்வீஸின் அமைப்பைக் காட்டும் 'சிஸ்டம்சிடிஎல் கேட்' (systemctl cat) கட்டளை கொடுத்து, ஓடும் சர்வீஸ் எந்த ஃபோல்டரில் எந்த ஃபைலை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பு, திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் 'எஸ்எஸ்' (ss) கட்டளையில் போர்ட் உண்மையிலேயே மாறியதா என்று பார்க்க வேண்டும். ஸ்டேட்டஸின் பச்சை நிறத்தை நம்பி எழுந்து போகக் கூடாது.

சர்வர் பக்கம் சரியானதோடும் தீரவில்லை. ஊழியர்களின் போனிலும் மடிக்கணினியிலும் இருந்த, சர்வரோடு எப்படி இணைவது என்று சொல்லும் புரொஃபைல் ஃபைல்களில் யு.டி.பி. 1194 என்றே இருந்தது. அவற்றையும் மாற்றி அனுப்பிய பிறகுதான் விடுதியிலிருந்து இணைப்பு கிடைத்தது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிக்கும் ஒரு வாசகர்