தோழியின் ரிப்போர்ட்

அன்புள்ள மகள் செல்விக்கு,

ரங்கூனிலிருந்து அம்மா எழுதுவது. போன வாரம் நீ வைபரில் அனுப்பிய மார்புக் கட்டி ரிப்போர்ட்டைப் படித்தேன். தோழியுடையது, வார்த்தைகள் புரியவில்லை, அர்த்தம் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் நீ எடுப்பதே இல்லை, வேலையாக இருக்கிறேன் அப்புறம் பேசுகிறேன் என்று ஒரு வரிதான் வருகிறது. சரி, பினாங்கில் உனக்கு வேலை அதிகமாகத்தான் இருக்கும். கரண்ட் போவதற்குள் எழுதி அனுப்பிவிடுகிறேன், உன் தோழிக்குப் படித்துக் காட்டு.

பெயர் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாய். நல்லது, அடுத்தவர் பெயரை யாருக்கும் காட்டக்கூடாது. காகிதத்துக்கு அடியில் நான் கொடுத்தனுப்பிய பச்சைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு தெரிகிறது. தோழி உன் வீட்டுக்கு வந்திருந்தபோது எடுத்திருப்பாய்.

முதலில் 'இன்வேசிவ்'. இந்த வார்த்தையைப் பார்த்ததும் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்து அழுதவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்படி அர்த்தம் இல்லை. பால் குழாய்க்குள் உண்டான புற்று குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் வந்திருக்கிறது, அந்தச் சொல் சொல்வது அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களைப் பார்த்தும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்தும்தான் சொல்வார்கள்.

கிரேடு 2 என்று இருப்பதை ஸ்டேஜ் 2 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரேடு அந்தச் செல்லின் குணம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சாதாரணச் செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார்கள். ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரியது, எதுவரை போயிருக்கிறது என்ற கணக்கு. அது இந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. இல்லாததை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்கக்கூடாது.

'பாசிட்டிவ்' என்று இரண்டு இடத்தில் வருகிறதே, அதையும் பார்த்துப் பயந்திருப்பாள். ஈஸ்ட்ரோஜென் பாசிட்டிவ் என்றால் அந்தச் செல் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்கும். மாத்திரை ஐந்து வருடமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். ஹெர்-டூ 3+ என்றால் செல்லின் மேல் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. ஒரு காலத்தில் அது கெட்ட சேதி, ஏனென்றால் வேகமாக வளரும். அதைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நான் நர்ஸ் வேலையில் சேர்ந்தபோது அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. பெகு ஊர் சித்தியை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்காதே. அவள் வந்ததே கடைசியில், கட்டி வெடித்த பிறகு. அது வேறு.

இனி இருதயம். மார்பில் கட்டி இருக்கும்போது எதற்கு எக்கோ, அதாவது இருதய ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். புற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இருதயத் தசையைப் பலவீனமாக்கும், அதனால் தொடங்கும் முன்பே அளந்து வைத்துக்கொள்வார்கள். எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 62 என்று இருக்கிறது, ஒரு துடிப்பில் இருதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம் அது. நூற்றுக்கு 62 மார்க் என்று படித்துவிடாதே! நல்ல இருதயமும் ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது, 50-லிருந்து 70 வரை இருந்தால் போதும். 62 நல்ல இருதயம். உன் அப்பாவுக்குக் கடைசியில் எவ்வளவு இருந்தது என்று உனக்கே தெரியும்.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தைக் கொடுத்தால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு ஆயுள் முழுக்க இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு, போட்ட அளவையெல்லாம் கூட்டி எழுதி வைக்கிறார்களா என்று கேள். ட்ராஸ்டுசுமாப் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பார்கள். எண் இறங்கினால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள், பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று யாராவது சொன்னால் இருதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, தள்ளும் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். படுத்தால் மூச்சு முட்டினால், கணுக்கால் வீங்கினால், இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. கட்டி இடது பக்கம். கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்கும்போது ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வார்கள், நெஞ்சு விரிந்தால் இருதயம் கதிர் படும் இடத்திலிருந்து தள்ளிப் போகும். அந்த வசதி அங்கே இருக்கிறதா என்று கேள்.

தம்பி நன்றாக இருக்கிறான். காளி கோயில் அபிஷேகத்துக்கு உன் பேரில் சீட்டு எழுதினேன்.

நம் தெருவிலிருந்து வெளிநாடு போய்ப் படித்து வேலை வாங்கியவள் நீ ஒருத்திதான், அதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளையிலிருந்தே காய்ச்சல் என்றால் வாயைத் திறக்க மாட்டாய். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பாய், நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிருந்து எப்படித் தொட்டுப் பார்ப்பது? ஊரே என்னைச் சயாமா, நர்ஸம்மா என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறது, என் மகள் வெட்டின படத்தை அனுப்புகிறாள்.

டாக்டரைப் பார்க்கும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். கூட ஒருத்தர் போகட்டும், தனியாகப் போனால் பாதி காதில் விழாது. திரும்பவும் சொல்கிறேன், தனியாகப் போக வேண்டாம்.

கீமோ தொடங்கினால் சமைத்துப் போட ஆள் வேண்டும். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பாதே, என்னிடம் இருக்கிறது. முதல் ஊசி என்றைக்கு என்று மட்டும் எழுது.

அம்மா