எங்கள் ஒழுங்கைக்கு வெளிச்சம் தந்தவர்களுக்கு நன்றி

மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கையின் படிக்கட்டுக்கும் குழாயடிக்கும் சோலர் விளக்குப் போட உதவிய அனைவருக்கும்,

களனி கங்கை பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தத்தான் வேண்டும். வயதானவர்களையும் பிள்ளைகளையும் மேல்மாடிக்கு ஏற்ற வெளிச்சம் வேண்டியதும் அதே நேரத்தில்தான். 2022இல் மின்வெட்டு 13 மணிநேரம் வரை நீண்டபோது குப்பி விளக்கோடு இருந்த வீடுகளுக்கு இதன் அருமை தெரியும். கூரையில் சோலர் உள்ள வீடுகளும் மின்வெட்டில் இருண்டுதான் போகும். சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பற்றரி இல்லாததென்றால், லைனில் வேலை செய்பவருக்கு மின்சாரம் தாக்காதிருக்கத் தானாகவே நின்றுவிடும். அதனால்தான் தனியாக ஒரு 12 வோல்ட் ஏற்பாடு.

கணக்குப் போட்டுத் தந்த பௌதிகவியல் ஆசிரியருக்கு முதல் நன்றி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரியில் 84 வாட்-மணி இருக்கும். ஈய பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே 42தான் கணக்கு. 3 வாட் பல்ப் மூன்று போட்டால் நாலரை மணிநேரம். 20 வாட் பனலிலிருந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண கொன்ட்ரோலர் வழியாக பற்றரிக்குப் போவது ஏறத்தாழ 14 வாட்தான், நல்ல வெயிலில் நாலு மணிநேரம் போதும். ஆனால் வெள்ளம் வரும் நாட்களில் வெயில் ஏது? அதனால்தான் 40 வாட் பனல் வாங்கச் சொன்னார். மூன்று பல்புக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்கச் சொன்னதும் அவர்தான். மழை தொடர்ந்தால் படிக்கட்டு பல்ப் மட்டும் எரியட்டும்.

வயரிங் செய்த தம்பிக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். கொன்ட்ரோலரில் முதலில் பற்றரி, பிறகு பனல், கடைசியாக பல்ப். கழற்றும்போது தலைகீழாக. பற்றரி இல்லாமல் பனலை மட்டும் கொடுத்தால் சில கொன்ட்ரோலர்கள் பழுதாகிவிடும். பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ் போட்டார், ஏனென்றால் ஷோர்ட் ஆனால் முதலில் சூடாகித் தீப்பிடிப்பது வயர்தான். வயர் 1.5 சதுர மில்லிமீற்றர். மலிவென்று மெல்லிய டெலிபோன் வயர் இழுத்தால் கடைசி பல்ப் மங்கும். கடையிலிருந்து வந்தபோது கொன்ட்ரோலர் பற்றரி 10.7 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் விளக்குகளை வெட்டும்படி இருந்தது. அதற்குள் பற்றரி வெறுமையாகிவிடும் என்று 11.8க்கு மாற்றினார். 12 வோல்ட் பல்ப் பார்வைக்கு வீட்டு பல்ப் போலவே இருப்பதால் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்ற் அடையாளம் வைத்தார். தெரியாமல் 230 வோல்ட் ஹோல்டரில் மாட்டினால் அக்கணமே எரிந்துவிடும்.

முதலாம் குறுக்குத் தெருக் கடை முதலாளிக்கும் நன்றி. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னார். சோலர் கை லாம்புகளில் போடும் 18650 என்ற லித்தியம் செல்லில் 9900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய், நல்ல செல்லிலேயே ஏறத்தாழ 3500தான் இருக்கும்.

மொட்டைமாடியில் இடம் தந்த அக்காவுக்கு நன்றி. பனலில் ஒரு மூலைக்குத் தென்னோலை நிழல் விழுந்தாலே மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று ஓலைகளையும் வெட்டுவித்தார். தெற்கே பத்து பாகை சரித்திருப்பதால் மழையே தூசைக் கழுவிவிடும். கடல் உப்பு மட்டும் கழுவினாலும் முனைகளை விடாது, அதற்கு வஸ்லின் பூசுகிறோம்.

பற்றரிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் முதல் மாடிச் சுவரில் தூக்கி மாட்டிய பிள்ளைகளுக்கும், கை லாம்புகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுக்கும் தாய்மாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. லாம்புகளை யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல் வெளியே வெயிலில் வையுங்கள். வயரோடு தனிப் பனல் உள்ள லாம்பென்றால் பனல் மட்டும் வெயிலில், லாம்பு நிழலில் இருக்கட்டும். சூடு செல்லைக் கெடுக்கும்.

மேலதிக பியூஸ் ஐந்தும் வோல்ட் மீற்றரும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. விளக்கை நிறுத்திச் சில மணிநேரம் கழித்து அளந்து 12.2க்குக் கீழே காட்டினால் வயரிங் தம்பியிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒழுங்கைக் குடியிருப்பாளர்கள்
மட்டக்குளி, கொழும்பு 15